இறந்த இடம், புதைத்த இடம், பெயர் பொறித்த இடம்

சென்னை நந்தம்பாக்கத்தில், பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையோரம், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பராமரிப்பில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த 856 பேரின் கல்லறைகள் அங்கே உள்ளன. அதன் பின்பகுதியில் முதல் உலகப் போருக்கான நினைவுச் சின்னம். அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். பார்க்க வருகிற பெரும்பாலோர், இவர்கள் எல்லாரும் அங்கேயே புதைக்கப்பட்டவர்கள் என்று எண்ணித் திரும்புகிறார்கள். உண்மை வேறு. இரண்டாம் போரின் கல்லறைகள், தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல கல்லறைத் தோட்டங்களில் சிதறிக் கிடந்தவை. அங்கெல்லாம் நிரந்தரமாகப் பராமரிக்க முடியாது என்பதால் 1952-இல் இந்தத் தோட்டத்தை அமைத்து அவற்றை இங்கே கொண்டுவந்தார்கள். முதல் போரின் பெயர்களுக்கு உரியவர்களோ இங்கே இல்லவே இல்லை. அவர்கள் நாட்டின் பல மூலைகளில், கன்டோன்மென்ட்களிலும் ஊர்ப்புறக் கல்லறைகளிலும் கிடக்கிறார்கள். பெயர் மட்டும் இங்கே வந்திருக்கிறது. போர்க்காலத்தில் இறந்த ஒரு பிரிட்டிஷ் சிப்பாயைப் பற்றி விசாரித்துக் கடிதம் வந்தால், விருத்தாசலத்தில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யும் நான் முதலில் பிடித்துக்கொள்வது இந்த வேறுபாட்டைத்தான். ஒருவர் இறந்த இடம், புதைக்கப்பட்ட இடம், பெயர் பொறிக்கப்பட்ட இடம் ஆகிய மூன்றும் மூன்று தனித்தனிச் செய்திகள். ஒன்றுக்குக் கிடைத்த ஆதாரத்தை மற்றொன்றுக்கு எடுத்துக் காட்டக் கூடாது. இந்தத் தொழிலில் நேரும் பிழைகளில் பெரும்பங்கு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இந்த மூன்றும் இந்தியாவில் இவ்வளவு தூரம் விலகிப் போனதற்குக் காரணம் உண்டு. 1914-இல் இங்கிருந்த முறைப்படைப் பட்டாளங்களைப் போர்முனைக்கு எடுத்துக்கொண்டு, அவர்கள் இடத்தில் பிரிட்டனின் டெரிட்டோரியல் (பகுதிநேரத் தன்னார்வலர்) படைப்பிரிவுகளைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். வெசெக்ஸ், ஹோம் கவுன்டீஸ் டிவிஷன்களைச் சேர்ந்த கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் பண்ணையாட்களும் அப்படி வந்து இறங்கினார்கள். அவர்களில் இங்கே இறந்தவர்களைப் பெரும்பாலும் கொண்டுபோனது குண்டு அல்ல. குடற்காய்ச்சல், காலரா, மலேரியா, வெப்பத் தாக்கு, 1918-இல் வந்த விஷக்காய்ச்சல். ஆணையத்தின் விதியோ இறப்பின் காரணத்தைப் பார்ப்பதில்லை. 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, பிறகு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை, படைப்பணியில் இருந்தபடி எப்படி இறந்திருந்தாலும் அவர் போர்க்கால இறப்புக் கணக்கில் சேர்வார். இது நியாயமான விதி. ஆனால் நினைவுச் சின்னத்தில் பெயரைக் கண்ட பேரப்பிள்ளைகள் “தாத்தா சண்டையில் விழுந்தார்” என்று சொல்லத் தொடங்குகிறார்கள். இரண்டு தலைமுறை கழிந்ததும் அதுவே குடும்ப வரலாறாகிவிடும். பொறித்த பெயர் சொல்வது அவர் பணியில் இருக்கும்போது இறந்தார் என்பதை மட்டுமே. எங்கே, எதனால் என்று அது சொல்லவில்லை. அப்படிச் சொல்வதாக நாமே வைத்துக்கொள்கிறோம்.

ஆகவே ஏடுகளுக்குப் போக வேண்டும். ஏடுகளிலும் இதே எச்சரிக்கை தேவை: ஒவ்வோர் ஆவணமும் எந்தக் கேள்விக்காக எழுதப்பட்டதோ அந்தக் கேள்விக்கு மட்டுமே நல்ல சாட்சி. மதராஸ் மாகாணத்தின் அடக்கப் பதிவேடுகளை எடுத்துக்கொள்வோம். பாதிரியார் அடக்கம் செய்துவிட்டு எழுதிய வரி ஒன்று. அதில் இறந்த நாள், அடக்கம் செய்த நாள், பெயர், வயது, பதவி, இறப்பின் காரணம், அடக்கம் செய்தவர் கையொப்பம் என்று பத்திகள் இருக்கும். அதன் நகல் மதராஸுக்குப் போய், அங்கிருந்து லண்டனுக்குப் போனது. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ‘என்/2’ என்ற வரிசையில் நாம் பார்ப்பது அந்த நகலைத்தான். பாதிரியாரின் கேள்வி, யாரை எங்கே அடக்கம் செய்தோம் என்பது. அந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இறந்த நாளுக்கு அதே அளவு நம்பலாமா என்றால், யோசிக்க வேண்டும். இந்த ஊர் வெயிலில் இறந்த அன்றோ மறுநாளோ அடக்கம் முடிந்துவிடும். நகலெடுத்தவர் ஒரு பத்தியின் தேதியை அடுத்ததில் எழுதிவிட்டால் அது தவறு என்று தெரியவே தெரியாது. சிப்பாய்க்குச் சேரவேண்டிய சம்பள பாக்கியை வாரிசுக்குக் கொடுத்த கணக்குப் பதிவேடு வேறொன்று. அதன் கேள்வி பணம். தாயா, மனைவியா, எவ்வளவு என்பதில் அது பிசகாது. 1921-இல் போர் அலுவலகம் வெளியிட்ட மாண்டோர் பட்டியல் இன்னொன்று. ‘போரில் கொல்லப்பட்டார்’, ‘காயத்தால் இறந்தார்’, வெறுமனே ‘இறந்தார்’ என்ற மூன்று சொற்களுக்குள் அது பெரும்பாலோரை அடக்கிவிடும். வெறுமனே ‘இறந்தார்’ என்றிருந்தால் நோயையோ விபத்தையோ தேட வேண்டும் என்று பொருள். இவற்றையெல்லாம் ஒருங்கே சொல்லியிருக்கக்கூடிய பணிக் கோப்புகளில் ஏறத்தாழ அறுபது சதவீதம் 1940 செப்டம்பரில் லண்டன் கிடங்கு குண்டுவீச்சில் எரிந்தபோது போய்விட்டன. எனவே முதல் போரின் சாதாரணச் சிப்பாய் ஒருவரைத் தேடுகிறவர், முழுப் பானை கிடைக்கும் என்று காத்திருக்காமல் ஓடுகளை வைத்து வேலை செய்யப் பழக வேண்டும்.

ஓர் ஆவணம் ஒரு கேள்விக்கு விடை சொல்லி இன்னொன்றை அழித்துவிடவும் கூடும். சிப்பாயின் கழுத்தில் தொங்கிய அடையாள வில்லை அதற்கு உதாரணம். போரின் தொடக்கத்தில் அலுமினியம். 1914 ஆகஸ்ட் முதல் நாரை அழுத்திச் செய்த சிவப்பு வில்லை. ஆளுக்கு ஒன்றுதான். இறந்தவரின் கழுத்திலிருந்து அதைக் கழற்றி அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். இன்னார் இறந்தார் என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஆனால் வில்லை போனதும் உடலில் பெயர் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. பிறகு அந்த உடலை வேறிடத்துக்கு மாற்றவேண்டி வந்தபோது அது பெயரற்றதாகிவிட்டது. இறப்பு உறுதியானது, எந்த உடல் அவருடையது என்பது தொலைந்தது. இதை உணர்ந்து 1916 செப்டம்பரில் இரண்டு வில்லை என்று மாற்றினார்கள். சிவப்பு வட்டத்தைக் கழற்றி அனுப்ப வேண்டும். எண்கோண வடிவப் பச்சை வில்லை உடலோடு இருக்க வேண்டும். அந்த நார் வில்லையும் ஈர மண்ணில் மக்கிப்போயிற்று. களிமண்ணைச் சுட்டுப் பிழைக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று உறைக்கும். கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் ‘ஆதன்’ என்ற பெயர் இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் படிக்கும்படி இருக்கிறது. ஐரோப்பியச் சேற்றில் நாரில் பதித்த பெயர் சில ஆண்டு தாங்கவில்லை. எந்தப் பொருளில் எழுதினோம் என்பதும், எத்தனை படி எழுதி எங்கெங்கே வைத்தோம் என்பதும் பின்னால் ஒரு மனிதனுக்குக் கல்லறை இருக்குமா இருக்காதா என்பதைத் தீர்மானித்துவிடுகின்றன.

எங்கள் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மையோ ஜாடியோ பியூஸ் கட்டையோ சூளையிலிருந்து இறக்கியதும், சந்தேகம் வந்தால் எடுத்து விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். நன்றாக வெந்து முழுசாக இருந்தால் கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தாலும் ஓசை மந்தமாகிவிடும். மேலே பூச்சு எத்தனை பளபளப்பாக இருந்தாலும் ஓசை பொய் சொல்லாது. ஆவணத்தையும் இப்படித்தான் சுண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே பெயரில் இருவர் இருப்பார்கள். எனவே பெயரைவிடப் படை எண் முக்கியம். ஆனால் டெரிட்டோரியல் காலாட்படையினருக்கு 1917 தொடக்கத்தில் புதிதாக ஆறு இலக்க எண் கொடுத்தார்கள். ஆகவே ஒரே ஆளுக்கு இரண்டு எண் இருக்கும், தேடுகிறவருக்கு இரண்டு ஆளாகத் தோன்றும். சேர்ந்த ரெஜிமென்ட் ஒன்று, இறக்கும்போது இருந்த ரெஜிமென்ட் வேறொன்று என்பதும் சாதாரணம். அதனால் ஒன்றிலிருந்து ஒன்று நகலெடுக்காத இரண்டு ஏடுகளாவது ஒத்துப்போனால்தான் ‘உறுதி’ என்று எழுதுகிறேன். ஒரே ஏடு சொல்லி, எதிர்த்துச் சொல்வது எதுவும் இல்லையென்றால் ‘ஏற்கத்தக்கது’. சூழ்நிலையிலிருந்து நாமே கட்டுவது ‘ஊகம்’. ஒரே மூலத்தைப் பார்த்து எழுதிய பத்துப் பட்டியல்கள் பத்துச் சாட்சிகள் ஆகா. பத்து முறை சொல்லப்பட்ட ஒரு சாட்சிதான். இன்று எல்லாமே கணினியில் கிடைப்பதால் இந்த மயக்கம் கூடியிருக்கிறது. பத்துத் திரைகளில் ஒரே தேதியைப் பார்த்தால் மனம் அதை உண்மை என்று எடுத்துக்கொள்கிறது.

இது அளவுக்கு மிஞ்சிய கறார் என்று நினைப்பவர்களுக்கு ஜான் கிப்ளிங்கின் வழக்கைச் சொல்லலாம். பம்பாயில் பிறந்த எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங்கின் ஒரே மகன் அவர். ஐரிஷ் கார்ட்ஸ் படையில் இளம் அதிகாரி. 1915 செப்டம்பர் 27 அன்று பிரான்சின் லூஸ் போர்முனையில் காணாமல் போனார். பெயர் தெரியாத வீரர்களின் கல்லில் பொறிக்கும் வாசகத்தை ஆணையத்துக்குத் தேர்ந்து கொடுத்த தந்தை, மகனின் கல்லறை எதுவென்று தெரியாமலே 1936-இல் இறந்தார். 1992-இல் ஆணையம், பெயரற்ற ஐரிஷ் கார்ட்ஸ் லெப்டினன்ட் ஒருவரின் கல்லறையை ஜானுடையது என்று முடிவு செய்து பெயர் பொறித்தது. பின்னர் இரண்டு மறுப்புகள் எழுந்தன. ஜான் இறக்கும்போது செகண்ட் லெப்டினன்ட்தானே, லெப்டினன்ட் என்ற கல் எப்படி அவருடையதாகும் என்பது ஒன்று. அந்த உடல் கிடைத்ததாக எழுதியிருந்த வரைபடக் குறியீடு, அவர் விழுந்த இடத்திலிருந்து சில மைல் தள்ளி இருக்கிறதே என்பது மற்றொன்று. பதவி உயர்வு அவர் இறந்த பிறகே அரசிதழில் வந்தாலும், அது 1915 ஜூன் முதலே செல்லும் என்று பின்தேதியிட்டு வழங்கப்பட்டிருந்தது. ஆகவே முதல் மறுப்பு வலுவிழந்தது. இரண்டாவதை ஆராய்ந்தவர்கள், 1919-இல் உடலைக் கண்டெடுத்தபோது எழுதிய குறியீட்டில் ‘எச்’ என்று இருக்கவேண்டிய ஓர் எழுத்து ‘ஜி’ என்று பதிவாகியிருக்க வேண்டும் என்று காட்டினார்கள். அதைத் திருத்தினால் இடம் சரியாக வருகிறது. ஓர் எழுத்து மாறியதால் ஒரு மனிதன் எழுபது ஆண்டுக்கு மேல் பெயரின்றிக் கிடந்தான். இதில் நாம் கற்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. அந்த வழக்கைத் தீர்த்தது கல்லறையைத் தோண்டிப் பார்த்ததல்ல. ஒவ்வொரு தாளையும், இதை யார், எப்போது, எதற்காக எழுதினார் என்று கேட்டதுதான்.

இவ்வளவு அலசல் எதற்கு, குடும்பத்துக்கு வேண்டியது ஒரு புகைப்படம், ஆணையத்தின் பட்டியலே அதைத் தந்துவிடுமே என்பது அடிக்கடி எழும் கேள்வி. அந்தப் பட்டியலின் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்; தேடல் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் அதன் கேள்வி, இவரை எங்கே நினைவுகூர்கிறோம் என்பது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் பணியாற்றிய ஒருவர் காய்ச்சலில் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பணியிடம் ஒன்று. ரயிலேற்றி அனுப்பப்பட்டு இறந்த மருத்துவமனை வேறொன்று. முதலில் புதைத்த கல்லறைத் தோட்டம் அந்த மருத்துவமனை ஊரில். இன்று கல் இருப்பது நந்தம்பாக்கத்தில். நான்கு ஊர்கள். பட்டியல் கடைசி ஊரை மட்டும் சொல்லும். அதைப் பார்த்து “மதராஸில் இறந்தார்” என்று எழுதிவிட்டால் அவர் வாழ்வின் கடைசி வாரங்கள் முழுதும் அழிந்துபோகும். யாரோடு இருந்தார், எந்த ஊர்த் தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எந்த வார்டில் கிடந்தார் என்பதெல்லாம் முதல் மூன்று ஊர்களில்தான் இருக்கிறது. குடும்பங்கள் உண்மையில் கேட்பதும் அதைத்தான். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் புகைப்படம் கேட்கிறார்கள்.

இன்னொரு மறுப்பு எங்கள் ஊர் ஆற்றங்கரையிலிருந்தே வருகிறது. விருத்தாசலத்தை விருத்தகாசி என்பார்கள்; காசிக்கு வீசம் கூட என்பது இங்குள்ள வழக்கு. பழமலைநாதர் கோயிலை ஒட்டி ஓடும் மணிமுக்தாற்றில் அஸ்தியைக் கரைத்தால் எலும்புகள் கூழாங்கல்லாக மாறும் என்பது நம்பிக்கை. உடலை இப்படி ஆற்றோடு விட்டுவிடுகிற நமக்கு, ஓர் உடல் எந்த அடி மண்ணில் இருக்கிறது என்று நூறாண்டு கழித்துத் தேடுவது எதற்கு என்று கேட்கிறார்கள். ஆனால் நம்முடைய கடன் உடலோடு முடிவதில்லை. திதி கொடுக்க இறந்தவரின் பெயர் வேண்டும், இறந்த திதி வேண்டும். திதி தெரியாமல் போனவர்களுக்கென்றே மகாளய அமாவாசை இருக்கிறது. இறந்த நாளைத் தெரிந்துவைப்பது இருப்பவர்களின் கடமை என்று கருதிய மரபு இது. நடுகல்லைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் கல் நடுவதன் படிகளை வகுக்கிறது. செங்கம் பகுதி நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டு, ஊர், வீரனின் பெயர், எந்தப் பூசலில் பட்டான் என்பது வரை பொறித்திருக்கிறார்கள். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல், கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாய் கோவிவனின் பெயரையும் சொல்கிறது. யார், எப்போது, எங்கே, எப்படி என்ற நான்கு கேள்விகளுக்கும் ஒரே கல்லில் விடை வைத்தவர்கள் நாம். பிரிட்டிஷ் சிப்பாயின் கல்லில் இரண்டு விடைதான் இருக்கிறது. மீதி இரண்டைத் தேடிச் சேர்ப்பது நமக்கு அந்நியமான வேலை அல்ல.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு, ஆள வந்தவனின் சிப்பாய்க்காகத் தமிழன் ஏன் மெனக்கெட வேண்டும் என்பது. நேர்மையான கேள்வி, நேராகவே விடை சொல்ல வேண்டும். சயாம்–பர்மா ரயில் பாதையைப் பாருங்கள். 1942-க்கும் 1943-க்கும் இடையில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. அதில் 12,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் இறந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களும் பர்மியரும் ஜாவாக்காரரும் மலாய்க்காரருமாக இறந்த ஆசியத் தொழிலாளர் அதைப்போலப் பல மடங்கு. 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதே காடு, அதே காலரா, அதே மழை. இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 கைதிகளுக்குத் தனித்தனிக் கல்லறை இருக்கிறது. தமிழனுக்கு ஒன்றுகூட இல்லை. வேறுபாடு எங்கிருந்து வந்தது? கைதிகளின் முகாம்களில் படை ஒழுங்கு இருந்தது. இறந்தவர் பெயர், எண், நாள், புதைத்த குழி என்று பட்டியல் எழுதினார்கள். காவலர் கண்ணில் படாமல் ஒளித்தும் வைத்தார்கள். 1945 செப்டம்பர்–அக்டோபரில் அந்தப் பட்டியல்களை வைத்துக்கொண்டு ஒரு சிறு குழு பாதை நெடுகப் போய்ப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகளை அடையாளம் கண்டது. தோட்டத் தொழிலாளியின் பெயரை எழுத யாருமில்லை. ஆள் கணக்கு மட்டும் இருந்தது. அவர்களுக்குக் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் நட 2023 வரை ஆயிற்று. அந்தக் கல்லிலும் எல்லார் பெயரையும் பொறிக்க வழியில்லை. கல்லறையை உண்டாக்கியது ஏடு. ஏடு இல்லாததால் கல்லறை இல்லை.

படையில் சேர்ந்த தமிழர்களுக்கும் இந்த நிலை நேர்ந்திருக்கிறது. மெசப்பொத்தேமியப் போரில் கல்லறை தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பாஸ்ராவில் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயரைப் பொறித்த அதே சின்னத்தில் இந்தியச் சிப்பாய்களை ரெஜிமென்ட் வாரியாக எண்ணிக்கையாகப் போட்டார்கள். பழைய மதராஸ் மாகாணத்துக் கிராமங்கள் பலவற்றில் சுவரில் பதித்த பளிங்குப் பலகை ஒன்றை இன்றும் காணலாம்: 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இரண்டு எண்கள். பெயர் கிடையாது. 2021-இல் ஆணையமே ஆய்ந்து வெளியிட்ட அறிக்கை இதை ஒப்புக்கொண்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும் அது சொன்னது. ஆக, ஒரு பிரிட்டிஷ் சிப்பாயின் இறப்பைத் தேடக் கற்றுக்கொள்வது, பெயர் காப்பாற்றப்பட்ட ஒருவரை வைத்து அது எப்படிக் காப்பாற்றப்பட்டது என்று கற்றுக்கொள்வது. எந்த ஏடு எந்தக் கேள்விக்கு விடை தரும், எங்கே நகல் இருக்கும், எந்த இடத்தில் பிழை நுழையும் என்று அங்கே தெரிந்துகொண்டால்தான், பெயர் தொலைந்த நம்மவரை எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று தெரியும். அந்தச் சிப்பாயும் கூலிக்கு வந்த ஏழைதான் என்பதையும், அவன் தாய்க்கும் பதில் வேண்டும் என்பதையும் நான் மறக்கவில்லை. அது தன்னளவில் போதுமான காரணம். மேலே சொன்னது கூடுதல் காரணம்.

அதனால் பதில் கடிதத்தில் மூன்று வரிகளைத் தனித்தனியாக எழுதுகிறேன்: இறந்தது இன்ன இடம், புதைத்தது இன்ன இடம், பெயர் இருப்பது இன்ன இடம். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த ஏடு சொல்கிறது, அது உறுதியா, ஏற்கத்தக்கதா, ஊகமா என்பதையும் எழுதுகிறேன். ஒரு வரி காலியாக இருந்தால் காலியாகவே விடுகிறேன். பின்னால் தேடுகிறவருக்குக் காலி இடம் உதவும், நிரப்பி வைத்த ஊகம் வழி தப்ப வைக்கும். இதே மூன்று வரிகளை நம் ஊர்ப் பளிங்குப் பலகைகளுக்கும் எழுதத் தொடங்க வேண்டும். முதல் போருக்குப் போனவர்களின் பேரர்கள் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். மரப்பெட்டிக்குள் ஒரு பதக்கம் இருக்கலாம். பதக்கத்தின் விளிம்பில் படை எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். ஓய்வூதியத் தாள் இருக்கலாம். அவற்றைக் கண்டு படி எடுத்து இரண்டு இடங்களிலாவது வைத்தால், பலகையில் உள்ள எண்ணில் ஒன்று குறைந்து ஒரு பெயர் கூடும். நந்தம்பாக்கத்தில் ஆயிரம் பேருக்குச் செய்து முடித்திருக்கிற வேலைதான் அது. நம் ஊர்களில் அதை நாமே தொடங்க வேண்டும். தொடங்க ஒரு விளிம்பு எழுத்தைப் படிக்கும் பொறுமை போதும்.